பாதியளவு விடி100-க்கு 5 அங்குலத் திரை: சேலத்தில் செய்து முடிக்க எது உதவும், எது கெடுக்கும்

விடி100 என்பது வேறொரு கணினியோடு பேசுவதற்கான, திரையும் விசைப்பலகையும் கொண்ட பழைய டெர்மினல். அதன் மாதிரியைப் பாதி அளவில் செய்யப் போகிறவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 800×480 புள்ளிகள் கொண்ட சாதாரண 5 அங்குல எல்சிடி திரையை வாங்குங்கள். டச் வேண்டாம். பக்கவாட்டில் பார்த்தாலும் வெளிறாத ஐபிஎஸ் வகை கிடைத்தால் அதையே எடுங்கள். இதைவிடப் பெரியதும், இதைவிட நுணுக்கமானதும், இதைவிட விலை கூடியதும் இந்த வேலைக்கு இதைவிட மட்டம்தான். இந்த மதிப்பீடு அந்தத் திரையைப் பற்றியது. கூடவே, அதைச் சுற்றி உடம்பைக் கட்டத் தேவைப்படும் முப்பரிமாண அச்சு, அக்ரிலிக் வெட்டு, கார் பெயின்டிங் ஆகிய மூன்று வேலைகளைச் சேலத்தில் எப்படிச் சொல்லி வாங்குவது என்பதும்.

ஏன் இந்தத் திரை என்பதற்கு விடை முழுக்கக் கணக்கில் இருக்கிறது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் (சுருக்கமாக டெக்) 1978-ல் வெளியிட்ட விடி100-ன் படக்குழாய் 12 அங்குலம். ஆனால் எழுத்து ஓடுவது கண்ணாடி முழுவதிலும் அல்ல, 202 மி.மீ. அகலம், 115 மி.மீ. உயரம் உள்ள பகுதியில் மட்டும். அதற்குள் வரிக்கு 80 எழுத்தாக 24 வரிகள். ஒவ்வொரு எழுத்தின் கட்டமும் 10 புள்ளி அகலம், 10 கோடு உயரம். ஆகமொத்தம் 800 புள்ளி, 240 கோடு.

இப்போது 5 அங்குலத் திரைக்கு வருவோம். ஒளிரும் பகுதி 108 × 64.8 மி.மீ. அகலத்தில் 800 புள்ளி, உயரத்தில் 480. அகலவாக்கில் புள்ளிக்குப் புள்ளி அப்படியே பொருந்துகிறது. உயரவாக்கில் ஒரு கோட்டுக்கு இரண்டு வரிசை கிடைக்கிறது. ஒரு வரிசையை ஏற்றி அடுத்ததை இருட்டாக விட்டால், பழைய குழாயில் கோடுகளுக்கு நடுவே தெரியும் இடைவெளி கேட்காமலே வந்துவிடும். இந்தப் பொருத்தம் தற்செயல்தான்; ஆனால் விடி100 செய்கிறவருக்கு இதைவிட நல்ல தற்செயல் வேறு எந்தத் திரையிலும் இல்லை. 7 அங்குல 1024×600 திரையில் ஒரு எழுத்துக்கு 12.8 புள்ளி வரும். 1280×720 திரையில் பழைய ஒரு புள்ளிக்கு 1.6 புள்ளி. முழு எண்ணாக வராத இடத்தில் ஒரு கோடு தடித்தும் அடுத்த கோடு மெலிந்தும் தெரியும். எவ்வளவு மென்பொருள் பூச்சு பூசினாலும் அந்தக் கோணல் மறையாது.

சரியான பாதியளவுக்கு 101 × 57.5 மி.மீ. வேண்டும். நம் திரை அகலத்தில் 7 மி.மீ., உயரத்தில் 7.3 மி.மீ. கூடுதல். எழுத்துகள் ஏறத்தாழ 5 சதவீதம் உயரமாகத் தெரியும். அளவுகோல் வைத்தால்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. எழுத்துப் பகுதி கறாராக இருக்க வேண்டும் என்று உடம்பின் அளவை 0.535 மடங்காக மாற்றுவதும் உண்டு. அப்படிச் செய்தால் அகலம் 229-லிருந்து 245 மி.மீ. ஆகி, அச்சு வேலை இன்னும் சிரமமாகும். பாதியளவே போதும்.

வாங்கும்போது ஒரே ஒரு சோதனை. விடி100-க்கு ஒரு சீரமைப்புக் கட்டளை உண்டு: எஸ்கேப் குறி, அடுத்து #, அடுத்து 8. திரை முழுக்க 'இ' என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தால் நிரம்பும். லினக்ஸ் கன்சோலும் இந்தக் கட்டளைக்குக் கட்டுப்படும். கன்சோல் எழுத்துருவை டெர்மினஸ், அளவை 10×20 என்று வைத்தால் 800×480-ல் மிச்சமில்லாமல் 80×24 உட்காரும். அப்புறம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசின் பற்றவைப்பைப் பார்க்கக் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அந்த மாதிரி லென்ஸ் ஒன்றை வைத்து ஓர் எழுத்தைப் பாருங்கள். மூன்று படுக்கைக் கோடும் ஒரே தடிமனில், ஓரம் கத்தரித்ததுபோல் இருந்தால் திரை நல்லது. ஒரு கோட்டின் ஓரத்தில் சாம்பல் நிழல் ஒட்டிக்கொண்டிருந்தால், பலகையில் உள்ள ஸ்கேலர் படத்தை எங்கோ சுருக்குகிறது என்று பொருள். நான்கு மூலையிலும் எழுத்து முழுதாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மூலை வெட்டுப்பட்டால், படத்தின் ஓரத்தைத் திரைக்கு வெளியே தள்ளும் ஓவர்ஸ்கேன் இன்னும் அணைக்கப்படவில்லை.

அந்தச் சாம்பல் நிழலுக்குப் பெரும்பாலும் காரணம், மலிவான எச்டிஎம்ஐ பலகை 'நான் 1920×1080' என்று கணினியிடம் பொய்யாக அறிவித்துக்கொள்வது. உள்ளே வைக்கும் சின்னக் கணினிப் பலகையான ராஸ்பெர்ரி பை அதை நம்பிப் பெரிய படத்தை அனுப்புகிறது, பலகை அதைச் சுருக்குகிறது. பூட் பகுதியில் உள்ள கட்டளை வரிக் கோப்பில் 800×480, 60 ஹெர்ட்ஸ் என்று எழுதிக் கட்டாயப்படுத்தினால் சரியாகிவிடும். இணையத்தில் சுற்றும் பழைய குறிப்புகள் கான்ஃபிக் கோப்பில் எச்டிஎம்ஐ வரிகளைச் சேர்க்கச் சொல்லும். பையின் திரையை இயக்கும் இப்போதைய கேஎம்எஸ் டிரைவர் அந்த வரிகளைக் கண்டுகொள்வதில்லை. கட்டாயப்படுத்தியும் நிழல் போகவில்லை என்றால் திரையைத் திருப்பிக் கொடுங்கள். அது திருந்தாது.

டச் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ரெசிஸ்டிவ் டச் படலம் திரைமேல் பனி படர்ந்ததுபோல ஒரு மங்கலைச் சேர்க்கிறது. அதன்மேல் இன்னொரு அக்ரிலிக்கையும் வைக்கப் போகிறோம். ஐபிஎஸ் அல்லாத டிஎன் வகைத் திரையில் இன்னொரு சிக்கல்: ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் கருப்பு வெளிறிவிடும். ஐபிஎஸ் கிடைக்காமல் டிஎன்தான் வாங்கினீர்கள் என்றால், மேசைமேல் வைத்துச் சற்று மேலிருந்து பாருங்கள். வெளிறினால் திரையைத் தலைகீழாகப் பொருத்திப் படத்தை 180 பாகை திருப்பிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை, பலன் பெரிது.

உண்மையான பிக்சர் டியூபையே வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். தமிழ்நாட்டில் 2006-லிருந்து அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் பழைய சாமான் கடைகளில் இன்றும் தென்படுவதால் இந்த ஆசை வருவது இயல்புதான். ஆனால் அவை 14 அங்குலம்; பாதியளவுக்குப் பொருந்தாது. வண்ணக் குழாயின் ஓட்டைத் தகடும் காம்போசிட் உள்ளீடும் சேர்ந்து 80 எழுத்து வரியைக் கஞ்சியாகக் கரைத்துவிடும். அதோடு ஆனோடில் 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல்; மின்சாரத்தை நிறுத்திய பிறகும் குழாய் அதைப் பிடித்து வைத்திருக்கும். டிவி மெக்கானிக் வேலை தெரியாதவர் அதன் பின்மூடியைக் கழற்றக் கூடாது.

நிறத்தில் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. பழைய டெர்மினல் என்றாலே பச்சை என்று நினைத்துப் பச்சை எழுத்தை வைத்துவிடுகிறார்கள். பச்சை, 1981-ல் வந்த ஐபிஎம் 5151-ன் நிறம். அதில் பி39 பாஸ்பர், அதாவது குழாயின் உள்ளே ஒளிரும் பூச்சு. விடி100-ல் பி4, சற்று நீலம் கலந்த வெள்ளை. எல்சிடியின் வெள்ளை கிட்டத்தட்ட அதேதான். எதையும் மாற்றாமல் விட்டாலே சரியாக இருக்கும்.

எழுத்து வடிவம் மட்டும் டெர்மினஸில் வராது; அது சோதனைக்குத்தான். விடி100-ன் எழுத்து வடிவங்களைச் சேமித்து வைத்த ரோம் சில்லில் உள்ள 8×10 வடிவங்களை அப்படியே எடுத்துப் போட்டாலும் எழுத்து ஈர்க்குச்சியாகத் தெரியும். ஏனென்றால் அந்த இயந்திரம் ஒவ்வொரு ஒளிப்புள்ளியையும் வலப்பக்கம் இன்னொரு புள்ளிக்கு நீட்டிவிடும். ஒற்றைப் புள்ளியாக விட்டால் குழாயில் செங்குத்துக் கோடு மங்கிப்போகும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆகவே செங்குத்துக் கோடு எப்போதும் குறைந்தது இரண்டு புள்ளி அகலம். பெரிய எழுத்தின் அகலம் 2 மி.மீ. என்று டெக் கொடுத்த அளவும் இந்த நீட்டலைச் சேர்த்தால்தான் கணக்குக்கு வரும்: 7 புள்ளி, நீட்டலோடு 8, புள்ளிக்கு கால் மி.மீ. எழுத்துருக் கோப்பைச் செய்யும்போது மூன்று வேலை: வடிவத்தை வலப்பக்கம் ஒரு புள்ளி நீட்டுங்கள், கட்டத்தை 10 புள்ளியாக அகலப்படுத்துங்கள், ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே ஒரு வெற்று வரிசையைச் செருகுங்கள். படம் வரையும் கோட்டு எழுத்துகளுக்குக் கடைசிப் புள்ளியை 9, 10-வது இடங்களிலும் திரும்பப் போட வேண்டும். போடாவிட்டால் கட்டங்கள் நடுவில் அறுந்து தெரியும்.

வெற்று வரிசை வைத்தால் வெளிச்சம் பாதியாகும். இது தவிர்க்க முடியாத விலை. பின்னொளியை முழுதாக ஏற்றி வைத்து, முகப்பு அக்ரிலிக்கின் கருமையைக் குறைத்து ஈடுகட்டுங்கள். கண்ணாடி வளைவு, மினுக்கம் எல்லாம் காட்டும் கூல் ரெட்ரோ டெர்ம் போன்ற மென்பொருள்கள் பெரிய திரையில் அழகு. இங்கே வேண்டாம். படத்தை வளைத்த அந்த நொடியே புள்ளிக்குப் புள்ளி என்ற பொருத்தம் போய்விடுகிறது. பை வகைகளில் சிறியதான பை ஸீரோ 2 டபிள்யூ-வும் மூச்சு வாங்கும்.

அந்த ஸீரோ 2 டபிள்யூ இதற்குப் போதுமான பலகை. 65 × 30 மி.மீ., உள்ளே தாராளமாக இடம் மிஞ்சும். அதில் ரிப்பன் வழியாகத் திரையை நேராக இணைக்கும் டிஎஸ்ஐ இணைப்பு கிடையாது என்பதால் எச்டிஎம்ஐ திரைதான் வாங்க வேண்டும். சாதாரண எச்டிஎம்ஐ கேபிளை உள்ளே மடக்க முடியாது, இணைப்பியே உடைந்து வரும்; பட்டையான ரிப்பன் கேபிள் வாங்குங்கள். 5 வோல்ட், 2.5 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். மெல்லிய யுஎஸ்பி கேபிளில் மின்னழுத்தம் இறங்கினால், ஸீரோ வகைப் பலகை எச்சரிக்கை எதுவும் காட்டாமலே சில நேரம் உறைந்து நிற்கும். திரைக்கும் பைக்கும் மின்சாரத்தை அடாப்டரிலிருந்து தனித்தனிக் கம்பியில் கொண்டுபோங்கள், பையின் வழியாகத் திரைக்குப் போக வேண்டாம்.

இனி முகப்பு. மாதிரி பொம்மையாகத் தெரிவதும் டெர்மினலாகத் தெரிவதும் இங்கேதான் தீர்மானமாகிறது. தட்டையான கண்ணாடி வைத்தால் அது டேப்லெட். பாதியளவில் முகப்பு ஜன்னல் ஏறத்தாழ 122 × 91 மி.மீ. திரைப் பலகை பெரும்பாலும் 121 × 76 மி.மீ. இருக்கும் என்பதால் மேலும் கீழும் ஏழெட்டு மி.மீ. காலியாகத் தெரியும். அதை மறைக்க வேண்டும், கண்ணாடியும் உப்பியிருக்க வேண்டும்.

3 மி.மீ. ஸ்மோக் அக்ரிலிக் எடுங்கள். வெளிர் சாயமே போதும். சாயத்தின் நன்மை என்னவென்றால், திரையின் ஒளி அதை ஒரு முறைதான் கடக்கிறது. அறை வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வரும்போது இரண்டு முறை கடக்கிறது. பாதி ஒளியை விடும் தாளில் எழுத்து பாதியாகக் குறையும், உள்ளே பட்டுத் திரும்பும் பளபளப்பு கால்வாசியாகும். எல்சிடியின் சாம்பல் கருப்பும் அதில் அமுங்கிவிடும். கடையில் காஸ்ட் ஷீட் என்று கேட்டு வாங்குங்கள். எக்ஸ்ட்ரூடட் தாள் சூட்டில் ஒரு பக்கமாகச் சுருங்கும்.

வளைப்பதற்கு: 150 × 120 அளவில் பெரிதாக வெட்டுங்கள். மரத்தில், நடுவில் 4 மி.மீ. உப்பிய அச்சு ஒன்றைச் செதுக்கி, மேலே மெத்தென்ற ஃபிளானல் துணியைப் போர்த்துங்கள். தாளை ஓவனில் 80 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்திவிட்டு, 160-க்கு ஏற்றுங்கள். துணிபோலத் துவண்டதும் எடுத்து அச்சின்மேல் விழவிட்டு, ஓரங்களைக் கையுறையோடு அழுத்தி, ஆறும்வரை பிடித்திருங்கள். உலர்த்தாமல் நேராகச் சூடேற்றினால் தாளுக்குள் இருக்கும் ஈரம் குமிழாகிவிடும். துணி இல்லாத மரத்தில் வைத்தால் மரத்தின் ரேகை கண்ணாடியில் பதியும். 4 மி.மீ.க்கு மேல் உப்ப வைக்க ஆசைப்படாதீர்கள். திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி கூடக் கூட, எழுத்து கிணற்றுக்குள் கிடப்பதுபோலத் தெரியும்.

வளைத்த பிறகுதான் கடைசி அளவுக்கு வெட்ட வேண்டும். வளைந்த தாளை லேசரில் கொடுத்தால் ஃபோகஸ் மாறி ஓரம் உருகும். நுண் ரம்பமும் அரமும்தான் சரி. சேலத்தில் லேசர் வெட்டும் கடைகளின் வேலை பொதுவாகச் சுத்தமாகவே இருக்கிறது, தட்டையான துண்டுகளுக்குத் தயங்காமல் கொடுக்கலாம். ஆனால் லேசர் பட்ட ஓரத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். வெட்டியபோது ஓரத்தில் தங்கிய இறுக்கத்தில் ஸ்பிரிட் பட்டதும் சிலந்தி வலைபோலக் கீறல் ஓடும். சோப்புத் தண்ணீர் போதும்.

மறைப்புக்கு வண்டிகளுக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டும் கடைக்குப் போங்கள். மேட் கருப்பு வினைலில், வெளியளவு ஜன்னல் அளவாகவும், நடுவில் 108 × 64.8 திறப்போடும் வெட்டித் தரச் சொல்லி, அக்ரிலிக்கின் உள்பக்கம் ஒட்டுங்கள். திறப்பின் மூலையை அழகுக்காக அதிகம் உருட்டக் கூடாது. ஓர் எழுத்தின் கட்டம் 1.35 மி.மீ. அகலம்தான், மூலை 4 மி.மீ. உருண்டால் முதல் வரியின் முதல் எழுத்து காணாமல் போகும்.

உடம்புக்கு வருவோம். மூல அளவு 457 × 368 × 362 மி.மீ. பாதியில் 229 × 184 × 181. பரவலாக உள்ள 220 × 220 மேடை அச்சு இயந்திரத்தில் 229 மி.மீ. படுக்காது, மூலைவாட்டமாகவும் அடங்காது. முன் ஓடு, பின் ஓடு என்று இரண்டாகப் பிரித்து, பக்கவாட்டில் நிமிர்த்தி அச்சிடச் சொல்லுங்கள், 250 மி.மீ. உயரம் போகும் இயந்திரத்தில் 229 அடங்கிவிடும். ஜன்னல் திறப்புக்குள் மட்டும் சப்போர்ட், அதாவது பிறகு உடைத்து எடுக்கும் தாங்கல், தேவைப்படும். நடுவில் இடம், வலம் என்று பிளக்கலாம் என்று கடையில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முகப்பின் குறுக்கே ஓடும் ஒட்டு எத்தனை பட்டி போட்டாலும் ஒரு கோடையில் வெளியே தெரிந்துவிடும்.

பொருள் பிஇடிஜி என்ற அச்சு பிளாஸ்டிக். பிஎல்ஏ வேண்டவே வேண்டாம். ஏறத்தாழ 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். மே மாதம் 40-ஐத் தொடும் ஊரில், கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சர்வசாதாரணம். ஏபிஎஸ் தேய்க்க அருமையாக இருக்கும், ஆனால் இவ்வளவு பெரிய துண்டு மூலையில் தூக்கிக்கொள்ளும், ஒன்றரை மி.மீ. அளவுக்குச் சுருங்கவும் செய்யும். எந்தப் பொருளானாலும், ஓடு கைக்கு வந்த பிறகு வெர்னியர் வைத்து ஜன்னலை அளந்து, அந்த அளவுக்குத்தான் அக்ரிலிக்கை அரம் போட வேண்டும்.

3 மி.மீ. சுவரில் ஏறத்தாழ 800 கிராம் ஆகும். கிராம் கணக்கில் விலை சொல்லும் கடையில் சப்போர்ட்டின் எடையும் சேர்த்தியா என்று முதலிலேயே கேளுங்கள். ஒவ்வொரு ஓடும் ஒரு நாளுக்கு மேல் ஓடும் வேலை என்பதால், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் குறுக்கே வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நின்று தொடங்கிய இடத்தில் ஒரு படி விழும், மேடை ஆறினால் துண்டே பெயர்ந்துவிடும். ஏற்காட்டில் சொந்த இயந்திரம் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: மூடுபனிக் காற்றில் இரண்டு நாள் திறந்து கிடந்த பிஇடிஜி சுருள் நூல் நூலாக இழுக்கும். 65 டிகிரியில் ஐந்தாறு மணி நேரம் உலர்த்திய பிறகு ஏற்றுங்கள்.

பெயின்டிங்தான் சேலத்தில் நம்பிக் கொடுக்கக் கூடிய வேலை. கார் டிங்கரிங், பெயின்டிங் பட்டறைகளில் உள்ள கை, எந்த மாதிரிக் கலைஞரிடமும் இருக்கும் கைக்குக் குறைந்தது அல்ல. ஆனால் பட்டறையின் வழக்கம் பளபளப்பு. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர், சொரசொரப்பான க்ரீம் நிறம். ஆகவே கொடுக்கும்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: "அண்ணா, பம்பருக்கு அடிக்கிற பிளாஸ்டிக் பிரைமர்தான் முதல்ல. மேல கிளியர் கோட் வேண்டாம், மேட். பேக்கிங்ல வைக்காதீங்க."

ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. பிஇடிஜி-யில் சாதாரண பிரைமர் ஒட்டாது, நகத்தால் உரித்தால் தோலாக வரும். 320 வாட்டர் பேப்பரில் தேய்த்துவிட்டு பிளாஸ்டிக் பிரைமர் அடித்தால் பிடிக்கும். அச்சுக் கோடுகளை மூட என்சி பட்டியைக் கனமாகப் போட்டால், பல வாரம் கழித்து அது சுருங்கி அந்தக் கோடுகளே மீண்டும் எழும்பும். மெல்லிசாக இரண்டு மூன்று முறை, நடுவில் காயவிட்டுப் போடச் சொல்லுங்கள். சூடேற்றும் அறையில் 60 டிகிரியில் வைத்தால் பிஎல்ஏ கோணும், பிஇடிஜி தாங்கும் என்றாலும் ஒட்டிய இடங்கள் விட்டுக்கொடுக்கலாம். சொரசொரப்புக்குத் தனி பெயின்ட் தேவையில்லை. கடைசிக் கோட்டில் கன்னின் காற்றழுத்தத்தைக் குறைத்து, வழக்கத்தைவிடத் தள்ளி நின்று தூவினால் பெயின்ட் பொடிப்பொடித் துளியாக விழுந்து அப்படியே காயும். ஓர் அட்டையில் அடித்துக் காட்டச் சொல்லி, பிடித்த பிறகு ஓட்டின்மேல் அடிக்க விடுங்கள். ஜன்னலைச் சுற்றிய முகப்புச் சட்டம் மட்டும் மேட் கருப்பு.

மழைக்காலத்தில் மலைமேல் லாக்கர் அடிக்க வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பெயின்ட் பால்போல வெளுக்கும். கீழே சேலத்தில் அடித்து, முழுதாகக் காய்ந்த பிறகு மேலே கொண்டுபோங்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் ஆடும்போது அக்ரிலிக்கும் திரையும் உரசாமல் நடுவில் மெல்லிய ஃபோம் பட்டை இருக்க வேண்டும்.

பெயர்ப் பட்டைக்கு ஷீல்டு, கோப்பை விற்கும் கடைகளில் உள்ள இரட்டை நிறத் தகடும் லேசரும் போதும். டெக்கின் சின்னம் 'digital' என்ற சொல்: ஏழு கட்டம், கட்டத்துக்கு ஓர் எழுத்து. பாதியளவில் கட்டங்களுக்கு நடுவே உள்ள சந்து மயிரிழையாகிவிடும் என்பதால் அதை மட்டும் கொஞ்சம் அகலப்படுத்தி வரையுங்கள்.

பின்பக்கம் பழைய கணினியோடு பேசும் சீரியல் இணைப்பு வேண்டுமென்றால், பையின் 3.3 வோல்ட்டுக்கும் அந்த இணைப்புக்கும் நடுவே மின்னழுத்தத்தை மாற்றும் மேக்ஸ்3232 சில்லு வைத்து 9 ஊசி இணைப்பியைப் பொருத்துங்கள். மூலத்தில் இருந்தது 25 ஊசி. பாதியளவு உடம்பில் 9 ஊசியின் அகலம் ஏறக்குறைய அதன் இடத்தில் பொருந்தி நிற்கும். விசைப்பலகைக்கும் இதே மாதிரி ஒரு பொருத்தம் உண்டு. விடி100-ன் சுருள் கேபிள் முடிவது கால் அங்குல ஸ்டீரியோ ஜாக்கில், அதாவது 6.35 மி.மீ. அதில் ஏறத்தாழ பாதி, காதில் மாட்டும் ஹெட்போனின் 3.5 மி.மீ. ஜாக். அதன் வழியாக 5 வோல்ட்டையும் அனுப்புவதாக இருந்தால் மின்சாரம் ஓடும்போது செருகாதீர்கள். உள்ளே நுழையும் வழியில் நுனி மற்ற தொடுப்புகளையும் தொட்டுக்கொண்டே போகும், அந்த ஒரு கணத்தில் ஷார்ட் ஆகிப் பை அணைந்துவிடும்.